சண்முகையா கண்ட பச்சை

விடிந்தும் விடியாததுமாகச் சண்முகையா முதலாளி தறிக்கொட்டகையின் பின்னறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். சற்று நேரத்தில் கதவிடுக்கு வழியாக ஸ்பிரிட் வாடை வரும். அப்புறம் ஏதோ கொதிக்கிற வாடை வரும். கடைசியில் முதலாளி வருவார், முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு. நாட்டில் மதுவிலக்கு இருந்த காலம் அது. மருந்துக்கடையில் அடிக்கடி ஸ்பிரிட் வாங்குகிற, காலையில் கதவடைத்துக் காய்ச்சுகிற, பகலெல்லாம் சிடுசிடுக்கிற ஒரு மனிதரைப் பற்றிச் சங்கரன்கோவில் என்ன பேசியிருக்கும் என்று நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்ன.

ஊர் பேசியது தப்பு. அவர் உள்ளே காய்ச்சியது தன்னுடைய மூத்திரத்தை. அதை வெளியே சொல்வதைவிடச் சாராயக் கேஸில் பேர் அடிபடுவது எவ்வளவோ கௌரவம் என்று அவர் நினைத்தார். நான்கு விசைத்தறிக்கு முதலாளி. சேலை வியாபாரத்தில் பேர் சொன்னால் தெரிகிற ஆள். அப்படிப்பட்டவர் விளக்கைக் கொளுத்திவைத்து இந்தக் காரியம் பண்ணுகிறார் என்று தெரிந்தால் யார் மதிப்பார்கள்?

பண்ணாமல் இருக்கவும் முடியாது. அவருடைய கண் அதில் மாட்டிக்கொண்டிருந்தது.

போன ஆடித்தபசுக்கு ரதவீதிக் கூட்டத்தில் நின்ற சண்முகையாவுக்கு அம்மனும் தெரியவில்லை, அம்மனுக்குக் காட்சி கொடுக்க வந்த சாமியும் தெரியவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். சரி, சாமி வந்துவிட்டது போலிருக்கிறது என்று அவரும் போட்டுக்கொண்டார். இரண்டு கண்ணிலும் புரை. வலது கண் சுத்தமாக மூடிவிட்டது. இடது கண்ணில் மிச்சம் இருந்த வெளிச்சத்தில்தான் பிழைப்பு ஓடியது. மாசி மாதம் பள்ளிக்கூடத்தில் கண் கேம்ப் போட்டார்கள். வரிசையில் நின்று உள்ளே போனார். கண்ணைப் பார்த்த டாக்டர் கையோடு மூத்திரத்தையும் பரிசோதித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"செங்கல் கலர்ல இருக்கு. இவ்வளவு சீனியை உடம்புல வச்சுக்கிட்டு ஆபரேசன் பண்ணுனா புண் ஆறாது. கண்ணே போயிரும். ஆவணியில அடுத்த கேம்ப். மாத்திரை எழுதித் தாரேன், வாயைக் கட்டுங்க. தினமும் வீட்டுலயே டெஸ்ட் பண்ணிப் பாருங்க. நீலமா நின்னா வாங்க. பச்சை தட்டுனாக்கூட வராதீங்க, திருப்பித்தான் அனுப்புவேன்."

"ஆவணிக்குள்ள முடியலேன்னா?" என்று கேட்டார் சண்முகையா.

"அதுக்குப் பெறகு அந்த வலது கண்ணுக்கு நான் பொறுப்பில்ல. முத்திப்போன புரை. உள்ளயே வெடிச்சாலும் வெடிச்சிரும்."

அங்கிருந்து நேரே பாதுஷாவின் மருந்துக்கடைக்குப் போனார். பாதுஷா வாட்டசாட்டமான ஆள், வாய் ஓயாது. கண்ணாடிக் குழாய், ஸ்பிரிட் விளக்கு, பழுப்பு பாட்டிலில் மருந்து எல்லாவற்றையும் மேசையில் பரப்பிவைத்து விளக்கம் சொன்னான்.

"ரொம்ப லேசு அண்ணாச்சி. கொழாயில ஒரு ஸ்பூன் மருந்து, அதுல உங்களோடது எட்டுச் சொட்டு. கொதிக்க வச்சு ஆற வச்சுப் பாருங்க. மருந்து நீலமா இருக்கும். கொதிச்ச பெறகும் நீலமா நின்னா சீனி இல்ல. பச்சைன்னா கொஞ்சம் இருக்கு. மஞ்சள்னா சாஸ்தி, ஆரஞ்சுன்னா அதைவிட சாஸ்தி, செங்கல்னா டாக்டர்கிட்ட ஓடிப் போயிரணும். கலர்ல சந்தேகம் வந்தா வீட்டுல யார்ட்டயாவது காட்டி..."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

"ஏம்வே, கலரைப் பத்தி எனக்கா பாடம் நடத்துதீரு? முப்பது வருசமா நூலுக்குள்ள கெடக்கேன். மயில் கழுத்து நெறத்துல எத்தனை தினுசு இருக்குன்னு உமக்குத் தெரியுமா? நான் யார்ட்டயும் எதையும் காட்ட வேண்டியதில்ல."

பாதுஷா சாமான்களைப் பேப்பரில் சுற்றிக் கொடுத்துவிட்டான். அந்தக் குழாயை யாரும் பார்க்காமல் போனதற்கு அவருடைய ரோஷம் பாதி காரணம். மீதி அவர் மனைவி சீனியம்மாள். அடுப்பு எரிகிற வீட்டுக்குள் அந்தக் கருமத்தைக் கொதிக்க வைக்கக் கூடாது என்று அவள் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். அதனால்தான் பின்னறை. அந்தப் பக்கம் அவள் தலைவைத்துக்கூடப் பார்க்கமாட்டாள். சீனியம்மாளைக் கட்டிக்கொண்டு, பாதுஷாவிடம் மருந்து வாங்குகிறவருக்கு இந்த வியாதி வராமல் வேறு எந்த வியாதி வரும் என்று தறிக்காரர்கள் அவர் காது கேட்காத தூரத்தில் பேசிச் சிரிப்பார்கள்.

ஒரு விஷயத்தில் அவரைக் குறை சொல்ல முடியாது. இறங்கினால் இறங்கியதுதான். பிரியாணியை விட்டார், காப்பிக்குக் கருப்பட்டி போடுவதை விட்டார், அப்புறம் காப்பியையே விட்டார். அரிசிச் சோறு போய், குருவிகுளத்துப் பக்கமிருந்து வருகிற கம்பில் கஞ்சியும் கேப்பைக் களியும் வந்தன. குழாயிலும் பலன் தெரிந்தது. பங்குனியில் செங்கல் நிறம் ஆரஞ்சானது. சித்திரையில் மஞ்சளானது. வைகாசி பிறந்ததும் பச்சை கண்டது. அன்றைக்கு அவர் சீட்டியடித்துக்கொண்டே பின்னறையிலிருந்து வெளியே வந்தார். இன்னும் ஒரே ஒரு படிதான், நீலம் வந்துவிடும் என்று நினைத்தார்.

வரவில்லை. வைகாசி முழுக்கப் பச்சை. ஆனியிலும் பச்சை.

முதலில் மருந்தைச் சந்தேகப்பட்டார். புது பாட்டில் வாங்கினார். அதிலும் பச்சை. ஒரு தடவை பார்த்தது போதாது என்று காலை, மதியம், சாயங்காலம் என்று காய்ச்சிப் பார்த்தார். மருந்து சீக்கிரம் தீர்ந்தது. விளக்கை மூட மறந்த நாளெல்லாம் ஸ்பிரிட் காற்றோடு போனது. அவசரப்பட்டுச் சூட்டோடு தண்ணீரில் முக்கியதில் குழாய்கள் படார் படார் என்று விரிந்தன. இந்தச் செலவுக்குத் தினமும் பிரியாணி சாப்பிட்டிருக்கலாம் என்று புலம்புவார். பிரியாணியை விட்டதற்குத்தான் இந்தச் செலவு என்று நினைக்கும்போது வயிறு இன்னும் எரியும். ஒரு வாரம் கீரையைக்கூட நிறுத்திப் பார்த்தார். கீரை தின்பதால்தான் பச்சையாக வருகிறதோ என்று அவருக்கு ஒரு சந்தேகம்.

ஊரில் ஆடித்தபசுக்குக் கொடியேறியது. சீனியம்மாள் கோயிலிலிருந்து புற்றுமண் கொண்டுவந்து அவர் நெற்றியில் பூசினாள்.

"அம்மனுக்காவது கொடியேத்துன பெறகுதான் தபசு. காட்சி கெடைச்சதும் முடிஞ்சு போவுது. என் தபசு மாசியில ஆரம்பிச்சது, காட்சியும் இல்ல ஒண்ணும் இல்ல," என்றார்.

"கன்னத்துல போட்டுக்கிடுங்க. அம்மனோட போயி உங்களைச் சேத்துப் பேசுதீங்க," என்று அவள் அதட்டினாள். ஆனால் அவர் சொன்னது சரி என்றுதான் அவளுக்கும் பட்டது.

இதற்கு நடுவில் சாயப்பட்டறைச் செல்லச்சாமியோடு வேறு சண்டை. பல வருஷமாக இவருக்கு நூலுக்குச் சாயம் போட்டுத் தருகிறவன் செல்லச்சாமி. ஆனி மாதம் நீல நூல் கேட்டு அனுப்பியிருந்தார். நூல் வந்து, தறியில் ஏறி, ஒரு சேலை அளவு ஓடியும்விட்டது. அப்புறம்தான் முதலாளி கொட்டகைக்குள் வந்து, துணியைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார்.

"எவன்லே பச்சை நூலை ஏத்துனது?"

"நீலந்தானே மொதலாளி," என்றான் தறியில் நின்றவன்.

சண்முகையா அவனை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு கொட்டகையில் யாரும் வாய் திறக்கவில்லை. நீலத்துக்கும் பச்சைக்கும் நடுவில் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு நுணுக்கம் முதலாளிக்குத் தெரிகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். தறியை நிறுத்தச் சொல்லி, ஓடிய வரைக்கும் அறுத்து எறிந்தார். செல்லச்சாமி ஓடிவந்து, தொட்டியில் போட்டது நீலம், எடுத்தது நீலம், அம்மன் சாட்சி என்று சத்தியம் பண்ணினான். அம்மனை எதுக்கு இழுக்கிற, மறுபடி சாயம் போட்டுக் கொண்டா என்றார் இவர். நீலத்தை மறுபடி எப்படி நீலமாக்குவது என்று கேட்டுவிட்டுப் போனவன்தான், அந்த வாசல் பக்கம் திரும்பவே இல்லை. அறுத்து எறிந்த சேலையைச் சீனியம்மாள் எடுத்து, ஓரம் மடித்துத் தைத்து உடுத்திக்கொண்டாள். அவள் கண்ணுக்கு அது நல்ல நீலமாகத்தான் தெரிந்தது. ஆனால் புருஷன் பச்சை என்றால் அது ஏதோ தறிக்காரர்கள் கணக்குப் பச்சை போலிருக்கிறது என்று விட்டுவிட்டாள்.

தபசுக்கு இரண்டு நாள் முன்னால் கொட்டகையில் நின்றுகொண்டிருந்தவருக்குத் தலை சுற்றியது. குப்பென்று வியர்த்துக் கை நடுங்கியது. ஓடுகிற தறிமேல் சாயப் போனவரைத் தறிக்காரர்கள் தாங்கிப் பிடித்தார்கள். சீனியம்மாள் ஓடிவந்து வாயில் மோரை ஊற்றினாள். கொஞ்சம் தெளிந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது.

"சீனி ஏறிருச்சு. நாளையில இருந்து ராத்திரிக் களியையும் நிறுத்திருதேன்."

"இது சீனி இல்ல, பசி," என்றாள் சீனியம்மாள். "ஒரு உருண்டை சோறு தின்னுங்க. கும்பிட்டுக் கேக்கேன்."

"நீலம் வரட்டும், திங்கேன். இந்தக் கேம்பை விட்டா என் கண்ணு போச்சு. கண்ணு போன தறிக்காரனை வச்சு என்ன செய்வ? தேரடியில துண்டு விரிச்சு உக்காத்துவியா?"

சொல்லிவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். குரல் உடைந்திருந்தது. கோபக்கார மனிதர்தான், ஆனால் இப்படிப் பேசி அவள் கேட்டதே இல்லை. கண்ணைக் காப்பாற்றப் போய் ஆளே போய்விடுவாரோ என்று அவளுக்குத் தோன்றியது.

தபசு நாள் காலையில் வீடெல்லாம் கழுவி, மாவிளக்குக்கு மாவு இடித்து வைத்தாள். சண்முகையா வழக்கம்போல ஒரு சின்ன டம்ளரைப் பின்னறை வாசலில் வைத்துவிட்டு, கைகால் கழுவக் கிணற்றடிக்குப் போனார். சீனியம்மாள் இரண்டு பக்கமும் பார்த்தாள். சேலை முந்தியால் மூக்கைப் பொத்திக்கொண்டு டம்ளரை எடுத்தாள். இருந்ததைச் சாக்கடையில் கொட்டினாள். கழுவினாள். அதே அளவுக்குக் குடத்துத் தண்ணீரை ஊற்றி, அதில் ஒரு துளி மஞ்சள் நீர் விட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டாள். தாயே, இன்றைக்கு ஒரு நாள் நீலம் வரட்டும். இந்த மனுஷன் நாள் கிழமையில் ஒரு பிடி மாவும் ஒரு வாய் சோறும் தின்னட்டும். பொய் என்னோடு போகட்டும். இதுதான் அவள் வேண்டுதல்.

பிறகு கதவிடுக்கில் காதை வைத்துக்கொண்டு நின்றாள். விளக்கு பற்றுகிற சத்தம் கேட்டது. கொதிக்கிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் கேட்கவில்லை.

"பச்சை," என்றார் சண்முகையா உள்ளே.

சீனியம்மாளுக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. தண்ணீருக்கு எப்படிச் சீனி வந்தது? நகராட்சிக் குழாயில் வருகிற தண்ணீர் உப்புக் கரிக்கும், அது ஊருக்கே தெரியும். இனித்ததாக யாரும் சொன்னதில்லை. அம்மன்தான் பொய்யைக் கண்டுபிடித்து, நாள் பார்த்துத் தண்டிக்கிறாள் என்று முதலில் நினைத்தாள். அப்புறம், அம்மனுக்கு இன்றைக்கு ஊர்ப்பட்ட வேலை இருக்கும், இந்த டம்ளரை எட்டிப் பார்க்க ஏது நேரம் என்றும் தோன்றியது. மாவிளக்கு எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பாதி வழியில் பாதுஷா கடைக்குத் திரும்பினாள்.

"தம்பி, தண்ணியில சீனி இருக்குமா?"

பாதுஷா கையிலிருந்த பொட்டலத்தைக் கீழே வைத்தான். "போட்டாத்தானக்கா இருக்கும்."

"போடலை. சும்மா குடத்துத் தண்ணி. அதை அந்த மருந்துல விட்டுக் காய்ச்சுனா பச்சையா வருமா?"

"எப்படி வரும்? யாரு காய்ச்சுனா? எதுக்குக் காய்ச்சுனா?"

அவள் கடைக்குள் வேறு ஆள் இல்லையே என்று பார்த்துவிட்டு நடந்ததைச் சொன்னாள். பாதுஷாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, உள்ளே போய் ஒரு குழாயில் மருந்தை விட்டு, குடிக்க வைத்திருந்த தண்ணீரில் எட்டுச் சொட்டு விட்டு, அவள் கண்முன்னால் கொதிக்க வைத்தான். அதை வாசல் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினான்.

"இந்தா பாருங்க. எவ்வளவு காய்ச்சுனாலும் இப்படித்தான் நிக்கும். உங்க சேலை மாதிரி, சுத்த நீலம்."

சீனியம்மாள் குழாயைப் பார்த்தாள். குனிந்து சேலையைப் பார்த்தாள். அவர் பச்சை என்று அறுத்து எறிந்த சேலை. மறுபடியும் குழாயைப் பார்த்தாள்.

"தம்பி, இது நீலந்தானே? உன் கண்ணுக்கும் நீலந்தானே?"

"நல்ல நீலம்க்கா. ஏன்?" என்று கேட்டவனுக்கு அதற்குள் தானாகவே விளங்கிவிட்டது. அவன் சிரிப்பு நின்றுபோனது. "புரை விழுந்த கண்ணுக்கு எல்லாம் மஞ்சப் பூத்தாப்புல தெரியும்னு சொல்லுவாங்க. நீலத்து மேல மஞ்ச படிஞ்சா..."

"பச்சை," என்றாள் சீனியம்மாள். இத்தனை வருஷம் தறிக்காரரோடு குடித்தனம் நடத்துகிறவளுக்கு அது தெரியாதா.

கோயிலுக்குப் போகிற வழியில்தான் அவள் பயந்தாள். அவரிடம் போய் உங்களுக்குக் கண் சரியில்லை என்று சொல்லிவிடலாம். கண் சரியில்லாதது அவருக்கே தெரிந்த விஷயம்தான். ஆனால் உங்களுக்குக் கலர் தெரியவில்லை என்று அந்த மனிதரிடம் எப்படிச் சொல்வது? சொன்னால் நம்பமாட்டார். நம்பினால் அதைவிட மோசம். மாவிளக்கைச் சன்னதியில் வைத்துக் கும்பிட்டுவிட்டு, ஒரு யோசனையோடு வீடு திரும்பினாள். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் மாடக்குழியில் ஒரு பொட்டலம் இருந்தது. அதிலிருந்து ஒரு சிட்டிகை எடுத்துக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் கலக்கி, கட்டிலில் கிடந்தவரை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"இது என்ன கலரு?"

"என்னட்டி இது? சர்பத்தா?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லுங்க."

சண்முகையா தலையைச் சாய்த்து, இடது கண்ணை மட்டும் டம்ளருக்கு அருகில் கொண்டுபோனார். "பச்சை. வெளிறுன பச்சை."

"நல்லாப் பாத்துச் சொல்லுங்க."

"எனக்கே கலர் படிச்சுத் தாரியா? பச்சைதான்."

"உங்க வேட்டிக்குப் போடுத நீலம் இது," என்றாள் அவள். "இந்தா பொட்டலம். நாந்தான் இப்பக் கலக்குனேன்."

சண்முகையா பொட்டலத்தை வாங்கி மோந்து பார்த்தார். விரலால் தொட்டுப் பார்த்தார். நீலப் பொட்டலம்தான், அதில் சந்தேகமே இல்லை. தலையைத் தூக்கி அவள் சேலையைப் பார்த்தார்.

"அப்ப இந்தச் சேலை?"

"நீலம்."

"செல்லச்சாமி நூலு?"

"நீலம்."

"பின்னறையில நான் பாக்குறது?"

"அதுவும் நீலமாத்தான் இருந்திருக்கும். எந்த நாள்ல இருந்துன்னு அம்மனுக்குத்தான் வெளிச்சம்."

"அப்பம் நான் பட்டினி கெடந்தது?"

"வெட்டிக்கு," என்றாள் சீனியம்மாள்.

அவர் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். முப்பது வருஷம் நூல் பார்த்த கண். அதைத்தான் அவர் தன் சொத்தாக நினைத்திருந்தார், தறிகளைக்கூட இல்லை. அது தன்னிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. சீனியம்மாள் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் மெல்லக் கேட்டார்.

"உனக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் சொன்னாள். டம்ளரைக் கொட்டியது, குடத்துத் தண்ணீர், மஞ்சள் துளி, எதையும் மறைக்கவில்லை. சண்முகையா முதலில் முறைத்தார். பிறகு உதடு துடித்தது. பிறகு தோள் குலுங்கியது. அழுகிறாரோ என்று அவள் குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தார்.

"குடத்துத் தண்ணிக்குச் சீனி வியாதின்னு சொல்லியிருக்கேன் பாரு. இன்னும் ரெண்டு நாளு விட்டிருந்தா குடத்துக்கும் களி கிண்டச் சொல்லியிருப்பேன்."

மறுநாள் காலையில் பின்னறைக் கதவு முதல்முறையாகத் திறந்தே இருந்தது. சண்முகையா காய்ச்சினார். சீனியம்மாள் முந்தியால் மூக்கைப் பொத்திக்கொண்டு, முகத்தை எவ்வளவு கோண முடியுமோ அவ்வளவும் கோணிக்கொண்டு, குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நீலம்," என்றாள். "பூரா நீலம்."

அன்றைக்கு அவர் இலையில் ஒரு கரண்டி சோறு விழுந்தது. ஒரே ஒரு கரண்டி. அதைத் தின்ன அவர் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு கல்யாணப் பந்தியே முடிந்திருக்கும்.

ஆவணிக் கேம்பில் டாக்டர் தானே குழாயைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். இத்தனை இளைத்ததற்குத்தான் திட்டு விழுந்தது. மாத்திரையைப் பாதியாகக் குறைத்து, இப்படிப் பட்டினி கிடக்க யார் சொன்னது என்று கேட்டார். சண்முகையா சீனியம்மாளைக் கைகாட்டினார். அவள் முறைத்தது அவருக்குத் தெரியவில்லை. வலது கண்ணில் ஆபரேசன் நடந்தது. பள்ளிக்கூட வகுப்பறையில், தலைக்கு இரண்டு பக்கமும் மணல் மூட்டை வைத்து அசையாமல் படுக்கப் போட்டார்கள். பக்கத்தில் தரையில் சீனியம்மாள் படுத்திருந்தாள். கட்டை அவிழ்த்து, பச்சைத் துணியால் கண்ணை மறைத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தத் துணி நிஜமாகவே பச்சைதானா என்று அவர் அவளிடம் இரண்டு தரம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

ஐப்பசியில் கண்ணாடி கொடுக்க மறுபடி கூப்பிட்டார்கள். சோடா பாட்டில் அடிப்பாகம் போலக் கனத்த கண்ணாடி. டாக்டர் அதை மாட்டிவிட்டு, "என்ன தெரியுது?" என்றார்.

சண்முகையா திருதிருவென்று விழித்தார். ஜன்னலுக்கு வெளியே வானம் அடித்துத் தேய்த்துக் கழுவியது போல நீலமாக இருந்தது. சுவரில் சுண்ணாம்பு விரிசல் தெரிந்தது. வாசல் பக்கம் ஒரு பொம்பளை நின்றுகொண்டிருந்தாள். நீலச் சேலை. அசல் நீலம், அவர் செல்லச்சாமியிடம் கேட்டு அனுப்பிய அதே நீலம். சேலையைத்தான் முதலில் பார்த்தார். பிறகு ஆளைப் பார்த்தார். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு துருத்தி, வளையல் முழங்கை வரைக்கும் ஏறக்கூடிய கை.

"எல்லாம் தெளிவாத் தெரியுது டாக்டர். வாசல்ல நிக்கிற அந்த அம்மா யாரு? ரொம்பச் சீக்குல விழுந்து எந்திரிச்சாப்புல இருக்காங்க. அவங்களை மொதல்ல பாருங்க, நான் பெறகு வாரேன்."

அறையில் எல்லோரும் சிரித்தார்கள்.

"நாந்தாங்க," என்றாள் அந்தப் பொம்பளை, சீனியம்மாளின் குரலில்.

அவர் சிரிக்கவில்லை. வெளியே வந்து ரதவீதியில் நடக்கும்போது வானத்தையும் பார்க்கவில்லை, கோபுரத்தையும் பார்க்கவில்லை. பக்கத்தில் நடந்தவளையே திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தார்.

"ஏம்ட்டி இப்படி எளைச்சுக் கெடக்க?"

"உங்களுக்குக் கண்ணாடி புதுசு. அப்படித் தெரியும்."

"இந்தக் கண்ணு பொய் சொல்லாது. சொல்லு."

சீனியம்மாள் முந்தியை இழுத்துத் தோளை மூடிக்கொண்டாள். "நீங்க களியை முழுங்க முடியாம முழுங்கையில நான் மட்டும் சோறு வடிச்சுத் திங்கவா?" என்றாள். "நீங்க பின்னறையில காய்ச்ச ஆரம்பிச்ச நாளா உங்க சாப்பாடுதான் எனக்கும். உங்களுக்காவது கூடத் திங்க மாத்திரை இருந்துச்சு."

"எனக்குத் தெரியவே இல்லியே."

"எப்படித் தெரியும்?"

சண்முகையாவுக்கு அழுகை முட்டியது. கண்ணில் தண்ணீர் விடக் கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்ததால் அதை விழுங்கினார். குழாய்க்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்துவிட்டோம், கூட இருந்தவளைப் பார்க்கவில்லை என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது. ஆபரேசன் ஆகாமல் போயிருந்தால் இதைப் பார்க்காமலேயே காலம் ஓடியிருக்கும்.

வீட்டுக்குப் போகிற வழியில் செல்லச்சாமியின் சாயப்பட்டறைக்குள் நுழைந்தார். கொடியில் காய்ந்துகொண்டிருந்த நூல் கட்டுகளை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனார். செல்லச்சாமி சாயக் கையோடு எழுந்து நின்றான், வரவேற்பதா விரட்டுவதா என்று தெரியாமல்.

"செல்லச்சாமி, நீ போட்டது நீலந்தாம்ப்பா."

"அதைத்தான அண்ணாச்சி அன்னைக்கே சத்தியம் பண்ணிச் சொன்னேன்."

"சொன்ன. எனக்குத்தான் தெரியலை. நாளைக்கு அதே கலர்ல நூலு அனுப்பு. நாலு தறிக்கும்."

செல்லச்சாமி சீனியம்மாளின் சேலையைப் பார்த்தான். தன் சாயம் என்று அவனுக்குத் தெரிந்தது. இரண்டு பேருக்கும் மோர் வாங்கி வரச் சொன்னான்.

அன்று மதியம் சண்முகையா அவளை உட்கார வைத்து இலை போட்டார். சோற்றை அள்ளி வைத்து, குழம்பு ஊற்றி, போதும் போதும் என்று அவள் கையால் மறைக்க மறைக்கப் போட்டார். தனக்குக் கம்மங்கஞ்சி ஊற்றிக்கொண்டு எதிரில் உட்கார்ந்து, அவள் தின்பதைக் கண்ணாடி வழியாகக் கண்கொட்டாமல் பார்த்தார். பார்த்தால் தொண்டையில் இறங்கமாட்டேன் என்கிறது, அந்தப் பக்கம் திரும்புங்க என்று அவள் சொன்னாள். அவர் திரும்பவில்லை.

மறுநாள் விடிந்ததும் பின்னறையில் விளக்கு எரிந்தது. குழாயை ஆற வைத்துத் தூக்கிப் பிடித்தார். கண்ணாடிக்குள் நீலம் தகதகவென்று நின்றது. பச்சை நிழல்கூட இல்லை. ஒரு குழந்தையைக் கேட்டால்கூடச் சொல்லிவிடும்.

"சீனி, இங்கன வா," என்று கூப்பிட்டார்.

அவள் முந்தியால் மூக்கைப் பொத்திக்கொண்டு வந்தாள். அவர் குழாயை அவளிடம் நீட்டினார்.

"இது என்ன கலருன்னு சொல்லு."

"ஏன், உங்களுக்குத் தெரியலையா?"

"தெரியுது. நீ சொல்லு."

சீனியம்மாள் குழாயை வாங்கி வெளிச்சத்தில் பிடித்து, அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்தாள். பிறகு சொன்னாள். சரி என்று தலையாட்டிவிட்டு அவர் விளக்கை மூடினார்.